குழந்தைக் காப்பகத்தில் உணவு ஒவ்வாமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்பகம் நடத்துபவர்கள், வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள், சமையலறையில் இருப்பவர்கள், காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஆறு மாதக் கைக்குழந்தை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அந்தக் குழந்தையின் மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டம்தான் தீர்மானிக்கும். இங்கே இருப்பதும் அதில் இருப்பதும் வேறுபட்டால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

"பால் ஒத்துக்கொள்ளாது" என்று பெற்றோர் சொல்கிறார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

அந்த ஒரு வரியோடு விடக்கூடாது. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காத குழந்தைக்கு வயிறு உப்பும், வலிக்கும், கழிச்சல் போகும். அவதிதான், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. பாலின் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள குழந்தையின் கதை வேறு. ஒரு வாய் பாலே தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகலாம். லாக்டோஸ் நீக்கிய பாலில் புரதம் அப்படியே இருக்கும். அதை முதல் குழந்தைக்குக் கொடுக்கலாம், இரண்டாவது குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ஆட்டுப்பாலும் மாற்று ஆகாது. பசும்பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவும் சேராது.

கேட்க வேண்டியவை: என்ன சாப்பிட்டபோது, எவ்வளவு சாப்பிட்டபோது, எத்தனை நிமிடம் கழித்து, உடம்பில் என்னென்ன தெரிந்தது, மருத்துவரிடம் போனீர்களா, மருந்து ஏதும் எழுதிக் கொடுத்தார்களா. பதில் தெளிவாக இல்லையென்றால், மருத்துவரின் குறிப்பு வரும்வரை ஒவ்வாமை என்றே வைத்து நடப்பது நல்லது.

இன்னொரு வகையும் உண்டு. குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்துக் குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளுத்து, துவண்டுபோகும். தோலில் தடிப்போ மூச்சில் இரைப்போ இருக்காது. இது குடலைச் சார்ந்த ஒவ்வாமை. பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் பார்க்கலாம். இதற்கு முக்கியச் சிகிச்சை மருத்துவமனையில் நீர்ச்சத்து ஏற்றுவது. அத்தகைய குழந்தையின் அவசரத் திட்டம் மற்றவர்களுடையதைப் போல இருக்காது. காலை உணவின் விளைவு மதியத் தூக்கத்தின்போது வரலாம் என்பதால், தூங்கும் அறையில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தெந்த உணவுகளைக் கவனிக்க வேண்டும்?

பசும்பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், பிஸ்தா, வால்நட் போன்ற மரக்கொட்டைகள், கோதுமை, சோயா, எள், மீன், இறால், நண்டு வகை. கடுமையான எதிர்வினைகளில் பெரும்பகுதி இவற்றால்தான். ஆனால் எந்த உணவும் ஒரு குழந்தைக்கு ஒவ்வாமை தரக்கூடும். "வாழைப்பழத்துக்கா? கேள்விப்பட்டதே இல்லையே" என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள்.

சேர்க்கையின்போது என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

மருத்துவர் கையெழுத்திட்ட அவசரத் திட்டம், ஒரே பக்கத்தில். அதில் குழந்தையின் புகைப்படம், தற்போதைய எடை, தவிர்க்க வேண்டிய உணவுகள், லேசான அறிகுறிக்கு என்ன செய்வது, கடுமையான அறிகுறிக்கு என்ன செய்வது, மருந்தின் பெயர், அளவு, பெற்றோரின் எண்கள் ஆகியவை இருக்க வேண்டும். ஆஸ்துமா இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாவோடு உணவு ஒவ்வாமையும் சேர்ந்தால் எதிர்வினை கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது.

திட்டத்தோடு மருந்தும் வர வேண்டும். மருந்து இல்லாத திட்டம் வெறும் தாள்தான். "நாளைக்குக் கொண்டுவருகிறோம்" என்றால் குழந்தையும் நாளைக்கு வரட்டும் என்று சொல்லும் துணிவு காப்பகத்துக்கு வேண்டும். கறாராகத் தெரியும், ஆனால் இதில் சலுகை கொடுப்பது யாருக்கும் நல்லதல்ல.

திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். எடையை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள், ஏனென்றால் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. இந்த வயதில் பிள்ளைகள் வேகமாக வளர்கிறார்கள்.

வேர்க்கடலையைக் காப்பகத்துக்குள்ளேயே விடக்கூடாது என்று தடை போட்டால் போதாதா?

போதாது. தடை போட்ட இடத்தில் எல்லோரும் அசந்துவிடுகிறார்கள் என்பதுதான் அதன் பெரிய குறை. பெற்றோர் டப்பாவில் என்ன வைத்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, அவசர ஊசி எங்கே என்று யாருக்கும் நினைவில்லை. அதோடு பாலுக்கும் முட்டைக்கும் கோதுமைக்கும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். அவற்றையெல்லாம் தடை செய்ய முடியாது. பால் வேர்க்கடலையைவிடச் சிக்கலானது: சிந்தும், தெறிக்கும், உறிஞ்சு குவளையின் மூக்கில் ஒட்டியிருக்கும். பாலால் உயிர்போகும் அளவுக்கு எதிர்வினை வராது என்று நம்புவது தவறு.

காப்பகங்களுக்கும் பள்ளிகளுக்கும் என்றே 2021-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலும் ஊழியர் பயிற்சி, ஒவ்வொரு குழந்தைக்கும் அவசரத் திட்டம், கையெட்டும் இடத்தில் அட்ரினலின் (கடுமையான எதிர்வினைக்குப் போடும் அவசர ஊசி மருந்து) ஆகிய மூன்றையும்தான் முன்னே வைத்தது. வளாகம் முழுக்கத் தடை என்பதை அது பரிந்துரைக்கவில்லை.

இருந்தாலும், தானாகக் கை கழுவத் தெரியாத, அடுத்தவர் தட்டில் கைவைக்கும் ஒன்றரை வயதுக் குழந்தைகளின் அறையில் வேர்க்கடலை விழுது போன்ற பிசுபிசுப்பான ஒன்றை வேண்டாம் என்று சொல்வது நியாயமான முடிவுதான். அதை "எங்களிடம் ஆபத்தே இல்லை" என்ற அறிவிப்பாக மாற்றாமல் இருந்தால் சரி.

சமையலறையில் எங்கே தவறு நடக்கிறது?

சமைக்கும் பொருளில் நடப்பதைவிடக் கருவியில் அதிகம் நடக்கிறது. வெண்ணெய் தடவிய கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்த ரொட்டியில் ஜாம் தடவுவது. முட்டை கலக்கிய கரண்டியையே மற்றப் பாத்திரத்தில் போடுவது. மீன் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் பொரிப்பது. கோதுமை மாவு சலித்த சல்லடையைத் தட்டிவிட்டு அரிசி மாவு சலிப்பது. சல்லடையும் ரொட்டி வாட்டும் டோஸ்டரும் எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகச் சுத்தமாகாது. அவற்றை மட்டும் தனியாக வாங்கி வைத்துவிடுங்கள்.

கொதிக்க வைத்தால் ஒவ்வாமைப் புரதம் அழிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வேர்க்கடலையை வறுத்தாலும் ஒவ்வாமை போகாது. முந்திரியைத் தட்டிலிருந்து பொறுக்கி எடுத்துவிட்டுப் பரிமாறுவதும் பயனற்றது.

முறை இதுதான். ஒவ்வாமை உள்ள குழந்தையின் உணவை முதலில், கழுவிய பலகையில், கழுவிய பாத்திரத்தில் சமையுங்கள். சமைத்ததும் மூடி, குழந்தையின் பெயரும் தவிர்க்க வேண்டிய பொருளும் எழுதிய ஒட்டுத்தாளை மூடியில் ஒட்டுங்கள். மூடியில் மட்டும் போதாது, தட்டிலும் ஒட்டுங்கள். மூடிகள் இடம் மாறும். மற்றவர்களுக்கு எடுக்கும் கரண்டி அதற்குள் போகக்கூடாது. வகுப்பில் கொடுக்கும்போது சமையலறை ஆள் ஒருவர் பெயரைச் சொல்ல, வகுப்பு ஆள் ஒருவர் புகைப்படத்தோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். இரண்டு பேர் கண் பட்டால்தான் தட்டு குழந்தையிடம் போக வேண்டும்.

பட்டியலில் இருந்த ஒன்று தீர்ந்துபோய், கடைசி நேரத்தில் வேறொன்றைப் போடும் நாள்தான் சமையலறையின் அபாய நாள். மாற்றம் செய்தால் வகுப்புக்குச் சொல்லாமல் உணவு வெளியே போகக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும். போன மாதம் வாங்கிய அதே பிஸ்கட்தானே என்று விடக்கூடாது, தயாரிப்பாளர்கள் சொல்லாமலே சேர்மானத்தை மாற்றுவார்கள். ஒரே பெயரில் வரும் சிறிய பாக்கெட்டும் பெரிய பாக்கெட்டும் வெவ்வேறு தொழிற்சாலையில் தயாராகியிருக்கலாம். வாங்கும்போது, அலமாரியில் வைக்கும்போது, பிரிக்கும்போது என்று மூன்று முறை பார்ப்பது நல்ல வழக்கம்.

பால் என்று எழுதாமல் கேசீன், வே, பால் திடப்பொருள் என்றும், முட்டை என்று எழுதாமல் அல்புமின், லைசோசைம் என்றும் இருக்கலாம். எள் விழுது 'தஹினி' என்ற பெயரில் வரும். 'பால்பொருள் இல்லை' என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்தாலும் பின்பக்கத்தில் கேசீன் இருப்பதுண்டு. முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் தகவல்.

"இன்னின்னது கலந்திருக்கலாம்" என்ற எச்சரிக்கை பல நாடுகளில் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டது. அந்த வரி இருந்தால் அந்தக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அந்த வரி இல்லாததால் மட்டும் பாதுகாப்பு என்றும் முடிவு கட்டாதீர்கள். பெட்டியைப் பிரித்து வேறு டப்பாவில் கொட்டி வைத்தால், அட்டையில் உள்ள சேர்மானப் பட்டியலை வெட்டி அந்த டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வாமை உள்ள குழந்தையைத் தனியே உட்கார வைக்கலாமா?

தனி மேஜை வேண்டாம். தனியே உட்கார்த்தி வைக்கப்பட்ட குழந்தை அதைத் தண்டனை என்றுதான் நினைக்கும். அதே மேஜையில் ஓர் ஓரத்தில், பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில், அந்தக் குழந்தைக்கு ஆகாததைச் சாப்பிடாத பிள்ளையைப் பக்கத்தில் வைத்து உட்கார்த்துங்கள். தினமும் அதே இடம். தட்டும் குவளையும் வேறு நிறத்தில் இருந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

அந்தப் பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பரிமாறிக்கொண்டும், துடைத்துக்கொண்டும், வாசலில் வந்த பெற்றோரோடு பேசிக்கொண்டும் இருப்பவரால் கவனிக்க முடியாது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அடுத்தவர் குவளைதான் இனிக்கும், கண் அசந்த நேரத்தில் எடுத்து ஒரு மிடறு குடித்துவிடுவார்கள். குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி நடக்க எந்தக் குழந்தையையும் விடாதீர்கள்.

கைக்குழந்தைகள் அறையில் பால்புட்டி மாறுவதுதான் பெரிய பயம். பெயரைப் புட்டியின் உடலில் எழுதுங்கள். கொடுப்பவர் பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டுக் கொடுக்கட்டும். குடித்து மிச்சமான புட்டியைத் தரையில் வைக்காமல் உடனே எடுத்துவிடுங்கள்.

கை கழுவுவதற்குப் பதில் சானிடைசர் போதுமா?

போதாது. சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. வெறும் தண்ணீரும் முழுதாக எடுக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். வெளியே போன இடத்தில் தண்ணீர் இல்லையென்றால் ஈரத் துடைப்புத்தாளால் நன்றாகத் துடைத்தெடுக்கலாம். சாப்பிடும் முன் ஒவ்வாமை உள்ள குழந்தை கழுவ வேண்டும், சாப்பிட்ட பின் எல்லாக் குழந்தைகளும், பெரியவர்களும் கழுவ வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் விட்டுப்போகிறது.

மேஜைக்கு வழக்கமான சுத்திகரிப்புத் திரவமே போதும். ஆனால் பால் சிந்திய மேஜையைத் துடைத்த துணியால் அடுத்த மேஜையைத் துடைத்தால், பாலை இடம் மாற்றியதுதான் மிச்சம். உயர நாற்காலியின் பட்டை, பக்கிள், தட்டின் அடிப்பக்கம் ஆகியவற்றையும் பாருங்கள். அங்கேதான் காய்ந்த உணவு ஒளிந்திருக்கும்.

தொட்டாலோ வாசனை பட்டாலோ கடுமையான எதிர்வினை வருமா?

வேர்க்கடலையின் வாசனை மட்டும் எதிர்வினையைத் தூண்டாது. அந்த வாசனையில் புரதம் இல்லை. ஆனால் மீன், இறால் வேகும்போதும், பால் கொதிக்கும்போதும் எழும் ஆவியில் புரதம் கலந்திருக்கலாம். சிலருக்கு அதனால் இரைப்பு வரும். கோதுமை மாவு காற்றில் பறக்கும்போதும் அப்படித்தான். எனவே அந்தக் குழந்தை இருக்கும் அறையில் சமையல் செயல்பாடு வைக்காதீர்கள்.

தோலில் பட்டால் பெரும்பாலும் பட்ட இடத்தில் மட்டும் தடிக்கும், கழுவினால் அடங்கும். சிக்கல் என்னவென்றால், சின்னக் குழந்தையின் கை எங்கே பட்டாலும் அடுத்த நிமிடம் வாயில் இருக்கும்.

சாப்பாடு தவிர வேறு எதில் ஒவ்வாமைப் பொருள் இருக்கும்?

விளையாட்டு மாவில் கோதுமை உண்டு. கைவேலைக்குச் சேர்த்து வைக்கும் முட்டை அட்டைப்பெட்டி, காலிப் பால் டப்பா, தானிய உறைகள். தொட்டு விளையாடும் தட்டில் கொட்டும் பாஸ்தா, மாவு, பயறு. பறவைத் தீனி, நாய் பூனை உணவு. பாதாம் எண்ணெய் கலந்த கிரீம், சோப்பு. தோல் வறண்டு அரிக்கும் எக்ஸிமா உள்ள குழந்தைக்குப் பூசும் கிரீமை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள்.

எதிர்வினை வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேசத் தெரியாத குழந்தை சொல்லாதே.

பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கும், இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். லேசானது என்றால்: வாயைச் சுற்றிச் சிவப்பு, உடம்பில் தடிப்பு, உதடோ கண்ணிமையோ வீக்கம், வாய்க்குள் அரிப்பு, ஒருமுறை வாந்தி.

கடுமையானது என்றால்: நாக்கு வீக்கம், குரல் கரகரப்பு, அழும் சத்தம் மாறுவது, விழுங்க முடியாமல் எச்சில் வடிவது, விடாத இருமல், இரைப்பு, மூச்சு இழுப்பது, திடீரென வெளுத்துத் துவண்டுபோவது, எழுப்பியும் விழிக்காதது. இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது அனாபிலாக்சிஸ், அதாவது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை எதிர்வினை, என்றே கொள்ள வேண்டும்.

மூன்று வயதுப் பிள்ளை தன் மொழியில் சொல்லும்: "நாக்கு சுடுது", "தொண்டையில ஏதோ இருக்கு", "வாயில முடி". அதற்கும் சின்னது நாக்கைக் கையால் தேய்க்கும், காதைப் பிடித்து இழுக்கும், விளையாட்டை விட்டுவிட்டு உங்கள் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். சுறுசுறுப்பான குழந்தை சாப்பிட்ட அரை மணியில் தூங்கி வழிந்தால், தூக்கம் வந்துவிட்டது என்று படுக்க வைக்காதீர்கள். நிறத்தையும் மூச்சையும் பாருங்கள்.

தோலில் ஒன்றும் இல்லையே என்று தயங்குவதுதான் இதில் நடக்கும் மோசமான தவறு. அனாபிலாக்சிஸ் வந்தவர்களில் பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எதுவும் தெரியாது. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் திடீரென மூச்சுத்திணறல் வந்தால், ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ என்று குழம்ப வேண்டாம். முதலில் அட்ரினலின், பிறகு இன்ஹேலர்.

தக்காளி, ஆரஞ்சு போன்ற புளிப்பான உணவுகள் சில குழந்தைகளுக்கு உதட்டைச் சுற்றிச் சிவக்க வைக்கும். அது பெரும்பாலும் எரிச்சல்தான். இருந்தாலும் குறித்து வைத்துப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

கடுமையான எதிர்வினை வந்தால் வரிசையாக என்ன செய்வது?

1. குழந்தையைப் படுக்க வைக்கவும். மூச்சு சிரமமாக இருந்தால் கால் நீட்டி உட்காரட்டும். கைக்குழந்தையைக் கையில் கிடத்திப் பிடிக்கவும், தோளில் நிமிர்த்திச் சாய்க்கக் கூடாது. மயங்கியிருந்தாலோ வாந்தி எடுத்தாலோ ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். எந்த நிலையிலும் எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக்கூடாது. நிமிர்ந்த கணத்தில் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

2. அட்ரினலினைத் தொடையின் வெளிப்பக்கம், நடுவில் போடவும். மெல்லிய உடைக்கு மேலேயே போடலாம். கால்சட்டைப் பையில் ஏதாவது இருந்தால் விலக்கவும். ஒருவர் காலை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குழந்தை உதறும்போது ஊசி தோலைக் கிழிக்கும். மருந்து நிரப்பி வரும் ஊசிப் பேனா என்றால், எத்தனை வினாடி அழுத்த வேண்டும் என்பது பேனாவுக்குப் பேனா மாறும். சிலவற்றில் 3, சிலவற்றில் 10. நேரத்தைக் குறிக்கவும்.

3. இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைத்து "அனாபிலாக்சிஸ், இத்தனை வயதுக் குழந்தை, அட்ரினலின் போட்டாயிற்று" என்று சொல்லவும். அதன் பிறகு பெற்றோருக்கு. பெற்றோரைக் கேட்டுவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது.

4. ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி.

5. மூச்சோ அசைவோ நின்றுவிட்டால் உடனே இதய நுரையீரல் மீட்பு முதலுதவி.

6. குழந்தை தேறி விளையாடத் தொடங்கினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அடங்கிய எதிர்வினை சில மணி நேரம் கழித்து மறுபடி தலைதூக்கலாம். பயன்படுத்திய பேனாவையும், சாப்பிட்ட பாக்கெட்டின் உறையையும் கூடவே அனுப்பவும்.

தேவையில்லாமல் ஊசி போட்டுவிட்டால்?

குழந்தை கொஞ்ச நேரம் வெளுத்து, நடுங்கி, இதயம் படபடக்கும். தொடைத் தசையில் சரியான அளவு போட்டால், ஆரோக்கியமான குழந்தைக்கு அது அவ்வளவில் அடங்கிவிடும். தாமதமாகப் போடுவதால் வரும் கேடு அப்படி அடங்குவதில்லை. எனவே சந்தேகம் என்றாலே போட்டுவிடுங்கள்.

முதலில் அலர்ஜி சிரப் கொடுத்துப் பார்க்கலாமா?

தடிப்புக்கும் அரிப்புக்கும் கொடுக்கலாம், திட்டத்தில் எழுதியிருந்தால். தொண்டை வீக்கத்தையோ மூச்சுத்திணறலையோ இரத்த அழுத்தச் சரிவையோ அது தடுக்காது. வேலை செய்யவும் நேரமாகும். சிரப் கொடுத்தபின் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒரு பெரியவர் பார்வையிலேயே குழந்தை இருக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்க விரலை விடுவதெல்லாம் வேண்டாம்.

அட்ரினலின் பேனாவை எங்கே, எப்படி வைப்பது? பேனா கிடைக்காத இடத்தில் என்ன வழி?

குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், ஆனால் பூட்டாமல். பூட்டிய அலமாரியின் சாவி மேலாளரிடம், மேலாளர் வங்கியில் என்றால் அந்த மருந்து இல்லாததற்குச் சமம். 25 டிகிரிக்கு மேல் போகாத, வெயில் படாத இடம் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக்கூடாது, வாகனத்துக்குள் விட்டுவிடவும் கூடாது. ஒரு குழந்தைக்கு இரண்டு பேனா இருக்க வேண்டும். பையின் மேல் புகைப்படம், உள்ளே திட்டத்தின் நகல். மாதம் ஒருமுறை காலாவதித் தேதியையும் பேனாவில் உள்ள சிறு சன்னல் வழியே மருந்தின் நிறத்தையும் பாருங்கள். கலங்கியோ பழுப்பாகவோ இருந்தால் மாற்ற வேண்டும்.

அளவு: பேனாக்கள் பொதுவாக 0.15 மி.கி., 0.3 மி.கி. என்று வரும். சிறியதை 7.5 கிலோவிலிருந்தா 15 கிலோவிலிருந்தா கொடுப்பது, பெரியதுக்கு எந்த எடையில் மாறுவது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அதை மருத்துவர் முடிவு செய்வார்.

பேனா விற்காத இடங்களில் மருத்துவர்கள் 1 மி.லி.யில் 1 மி.கி. மருந்து உள்ள ஆம்பூலும் (சிறு கண்ணாடிக் குப்பி) 1 மி.லி. சிரிஞ்சும் எழுதித் தருவதுண்டு. கணக்கு கிலோவுக்கு 0.01 மி.கி. அதாவது 12 கிலோ குழந்தைக்கு 0.12 மி.லி. பதற்றத்தில் புள்ளி இடம் மாறி 1.2 மி.லி. ஏறினால் பத்து மடங்கு. எனவே அளவை மி.லி.யில், பெரிய எழுத்தில், சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று படத்தோடு மருத்துவரே எழுதித் தர வேண்டும். அதைப் போடப்போகிறவர் அவரிடமே பழகியிருக்கவும் வேண்டும். முன்கூட்டியே நிரப்பித் தந்த சிரிஞ்சு என்றால், எத்தனை நாள் வைக்கலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். அது பேனா அளவுக்கு நாள்படத் தாங்காது.

ஊழியர் பயிற்சியில் எதைப் பழக்க வேண்டும்?

ஊசியில்லாத பயிற்சிப் பேனாவை ஒவ்வொருவரும் கையில் பிடித்து, உருட்டிய துண்டின் மேல் அழுத்திப் பார்க்க வேண்டும். காணொளி பார்த்தது கணக்கில் வராது. அடிக்கடி நடக்கும் தவறு, பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரலால் முனையை அழுத்துவது; மருந்து விரலுக்குள் போய்விடும். எந்த முனையிலும் கட்டைவிரலை வைக்காமல் நடுவில் முஷ்டியாகப் பிடிப்பதைக் கைக்குப் பழக்குங்கள். பாதுகாப்பு மூடியை எடுக்க மறப்பதும், குத்திய உடனே வெளியே இழுப்பதும் அடுத்த இரண்டு தவறுகள்.

ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை நடத்துங்கள். அதில் ஒன்று, திட்டத்தை எழுதி வைத்த மூத்த ஊழியர் இல்லாத நாளில் நடக்கட்டும். மாற்று ஆள் வந்திருக்கும் நாளில்தான் ஏற்பாடு எவ்வளவு உறுதியானது என்று தெரியும். மாற்று ஆள் அறைக்குள் நுழைந்ததும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியவை நான்கு: எந்தக் குழந்தை, எது ஆகாது, மருந்து எங்கே, இன்று உணவு கொடுப்பது யார். இதைக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.

பிறந்தநாள் கேக், வெளியே அழைத்துப் போகும் நாள்?

பிறந்தநாளை உணவில்லாமல் கொண்டாடலாம்: தொப்பி, பாட்டு, ஒட்டும் நட்சத்திரம். இந்த வயதில் கேக்கைவிடத் தொப்பிதான் பிடிக்கிறது. கேக் பெற்றோருக்குத்தான் வேண்டியிருக்கிறது. கேக் வந்தே தீரும் என்றால், ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோர் தந்த தின்பண்டத்தைப் பெயரெழுதிய டப்பாவில் எப்போதும் கையிருப்பில் வையுங்கள்.

வெளியே போகும்போது மருந்துப் பை ஒரு பெரியவரின் தோளில் இருக்க வேண்டும். வண்டியில் அல்ல, குழந்தையின் முதுகிலும் அல்ல. அந்தக் குழந்தை எந்தக் குழுவிலோ பையும் அந்தக் குழுவில்தான்.

ஒவ்வாமை இல்லாத கைக்குழந்தைகளுக்கும் வேர்க்கடலை, முட்டையைத் தள்ளிப்போடலாமா?

வேண்டாம். கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை, தவிர்த்தவர்களிடம் சுமார் 17 சதவீதமாகவும், சிறுவயதிலிருந்தே சாப்பிட்டவர்களிடம் சுமார் 3 சதவீதமாகவும் இருந்தது. ஆனால் முதல் முறை கொடுப்பது வீட்டில் நடக்க வேண்டும், பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க, பகல் நேரத்தில். எக்ஸிமா கடுமையாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுக்கட்டும். காப்பகத்தில் எந்த ஒவ்வாமைப் பொருளையும் குழந்தை முதன்முதலாகச் சாப்பிடக் கூடாது. வீட்டில் சாப்பிட்டுச் சேர்ந்த உணவுகளைப் பெற்றோர் டிக் செய்யும் ஒரு பட்டியலை அறையில் வைத்துக்கொண்டால் போதும். இந்த வயதில் முழுக் கொட்டைகள் மூச்சுக்குழாயில் சிக்கும் என்பதால் விழுதாகவோ பொடியாகவோ மட்டுமே.

"கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று பாட்டி சொல்கிறார். "இப்போது சரியாகிவிட்டது" என்று அப்பா சொல்கிறார்.

பாட்டி சொல்வதற்கு நெருக்கமான ஒரு சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. நிபுணர் கண்காணிப்பில், மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். அந்த அன்றாட அளவைக் கொடுப்பது வீட்டின் பொறுப்பு. காப்பகம் தெரிந்துகொள்ள வேண்டியது, இன்று எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பதும், காய்ச்சலோ உடல்நலக் குறைவோ இருக்கிறதா என்பதும். கொடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஓடியாடினால் எதிர்வினை வரும் வாய்ப்பு கூடும். சிகிச்சை எடுக்கும் குழந்தைக்கும் காப்பகத்தில் அந்த உணவு முன்போலவே விலக்குதான்.

பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர விலகும். நன்றாக வெந்த கேக்கில் கலந்த முட்டையைத் தாங்கும் குழந்தை, ஆம்லெட்டைத் தாங்காமல் போகலாம். எனவே "முட்டை சாப்பிடலாம்" என்ற வாய்மொழிச் செய்தியை ஏற்காதீர்கள். எந்த வடிவில், எவ்வளவு என்று மருத்துவர் எழுதித் தந்த பிறகு பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். சமையலறையில் இருக்கும் நகலையும், மருந்துப் பைக்குள் இருக்கும் நகலையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

எதிர்வினை வந்து முடிந்தபின் என்ன எழுதி வைக்க வேண்டும்?

என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, முதல் அறிகுறி எப்போது, என்ன மருந்து எப்போது, யார் யார் அறையில் இருந்தார்கள். அன்றைக்கே எழுதுங்கள், மறுநாள் நினைவு மாறிவிடும். மிச்ச உணவை உறையிட்டு வையுங்கள். யார் தவறு என்று தேடினால் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தட்டு எந்த இடத்தில் மாறியது, யார் கண் படவில்லை, ஏன் என்று தேடுங்கள். குழந்தையின் வாய்வரை போய்க் கடைசி நொடியில் தடுத்த சம்பவங்களையும் இதே தாளில் எழுதுங்கள். குழந்தை திரும்பி வருவதற்கு முன் பயன்படுத்திய பேனாவுக்குப் பதில் புதியது வந்திருக்க வேண்டும், திட்டத்தை மருத்துவர் மறுபடி பார்த்திருக்க வேண்டும்.